இதய வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும், தெரியுமா?

உங்கள் மார்புக்குள் நான்கு வால்வுகள் இருக்கின்றன. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது தடவை திறந்து மூடிவிடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை, வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல்! எண்ணெய் போடுவதில்லை, சர்வீஸுக்கு விடுவதில்லை, தீபாவளிக்குக்கூட லீவு கிடையாது. சரி, இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத ஒன்றைச் சொல்லட்டுமா? இந்த வால்வுகளில் ஒன்று கெட்டுப்போய், டாக்டர் அதற்குப் பதிலாக வேறொன்றை வைக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி வால்வு, எவ்வளவு விலை, எத்தனை வருஷம் வரும் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அது எந்தப் பக்கம் பார்த்து உட்காரும், எத்தனை மில்லிமீட்டர் மேலே அல்லது கீழே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ரத்தம் கேட்கிறது! அதே வால்வைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் உள்ளே ஓடும் ரத்தத்தின் போக்கே மாறிப்போகிறது. போக்கு மாறினால், எங்கே ரத்தம் உறைந்து கட்டியாகும் என்பதும் மாறுகிறது.

இந்தக் கதையை ஒரு ஓவியரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் முதல் ஆச்சரியம்.

மோனாலிசாவை வரைந்த லியனார்டோ டா வின்சி, 1513 வாக்கில், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், எருதின் இதயத்தை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்பும் இடத்துக்குள் உருக்கிய மெழுகை ஊற்றி, அது இறுகியதும் அதைக் கொண்டு அச்செடுத்து, அந்த அச்சில் கண்ணாடியால் ஒரு பெருந்தமனி செய்து, அதற்குள் தண்ணீரும் புல் விதைகளும் விட்டு ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று விதை காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா! இன்றைக்கு லேசர் வெளிச்சமும் நுண்துகள்களும் வைத்துப் பரிசோதனைக்கூடங்களில் செய்வது இதே வேலைதான். மனிதர் புல் விதையிலேயே யோசித்துவிட்டார்.

அவர் கண்டது என்ன? பெருந்தமனி வால்வுக்கு மூன்று இதழ்கள். ஒவ்வொரு இதழுக்கும் பின்னால், தமனியின் சுவர் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் உப்பி, ஒரு சின்னப் பை போல இருக்கும். இதயம் சுருங்கும்போது நடுவில் சீறிப் பாயும் ரத்தத்தின் ஓரம் அந்தப் பைகளுக்குள் மடங்கி, சுழியாகச் சுழல்கிறது. அந்தச் சுழிதான் இதழ்களை மெல்ல உள்ளே தள்ளி மூட ஆரம்பிக்கிறது என்றார் லியனார்டோ. ரத்தம் பின்னோக்கி விழுந்து வால்வை அடித்துச் சாத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஓட்டம் தணிய ஆரம்பித்ததுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது! அந்தப் பைகளுக்கு அவர் பெயர் வைக்கப்படவில்லை, பாவம். அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பிறந்த வால்சால்வா என்ற இத்தாலிய உடற்கூறு அறிஞரின் பெயர்தான் நிலைத்தது. லியனார்டோ சொன்னது உண்மைதான் என்று ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்க 1968 வரை ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் பெல்ஹவுஸ் என்ற பொறியாளர் ஒரு மாதிரி வால்வுக்குள் அந்தச் சுழிகளைக் காட்டி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

அந்தச் சுழிக்கு இன்னொரு வேலையும் உண்டு, நம் கதைக்கு முக்கியமானது அதுதான். அது பையைக் கழுவுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பழைய ரத்தம் வெளியே, புது ரத்தம் உள்ளே. எதுவும் தேங்கி நிற்பதில்லை.

தேங்கி நின்றால் என்ன? ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்காது, மடை ஓரத்தில் நின்ற தண்ணீரில்தான் பிடிக்கும். ரத்தமும் அப்படித்தான். ஓட்டம் நின்ற மூலையில் உறைய வைக்கும் புரதங்கள் ஒன்றுசேர்ந்து வலை பின்ன ஆரம்பித்துவிடும். ஆனால் ரத்தத்துக்கு வாய்க்கால் தண்ணீருக்கு இல்லாத ஒரு குணமும் உண்டு தெரியுமா? ரொம்ப வேகமாக, ரொம்பக் குறுகிய சந்தில் உரசிக்கொண்டு ஓடினாலும் அதற்குப் பிடிக்காது! டெங்கு வந்தால் நாம் எண்ணிக்கொண்டிருப்போமே, அந்த பிளேட்லெட்கள், உரசல் அதிகமானால் ‘எங்கோ காயம் பட்டிருக்கிறது’ என்று நினைத்து விழித்துக்கொள்கின்றன. வேகமான இடத்தில் விழித்துக்கொண்டவை, பக்கத்திலேயே ஒரு தேங்கிய மூலையைக் கண்டால் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. செயற்கை வால்வில் இந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் சங்கடமே. ரத்தம் தேங்கவும் கூடாது, உரசவும் கூடாது. இந்த நடுவழியைத் தேடித்தான் எழுபது வருஷங்களாக வால்வுக்காரர்கள் அலைகிறார்கள்.

உலகத்தில் முதன்முதலாக மனிதருக்குள் வைத்த செயற்கை வால்வு இதயத்துக்குள் வைக்கப்படவே இல்லை தெரியுமா? ஆமாம்! 1952 செப்டம்பர் 11, வாஷிங்டன், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். சார்லஸ் ஹஃப்நேகல் என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் கூண்டுக்குள் ஒரு பந்து உருளும் வால்வை, இதயத்தைத் தாண்டி, மார்பின் பின்பக்கமாகக் கீழே இறங்கும் பெருந்தமனியில் பொருத்தினார். ஏன் அங்கே? இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இயந்திரம் அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை. ஜான் கிப்பன் அதை வெற்றிகரமாகப் பயன்படுத்தியது அடுத்த வருஷம், 1953 மே மாதம். இதயத்தைத் திறக்க முடியாது, எனவே திறக்காமல் எட்டுகிற இடத்தில் வைத்தார். வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் திரும்பி விழும் ரத்தத்தை அந்தப் பந்து தடுத்தது. ஆனால் தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் அதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகின்றனவே! அங்கிருந்து திரும்பிய ரத்தம் பழையபடி இதயத்துக்குள்ளேயே விழுந்தது. வால்வு நல்ல வால்வுதான், இடம்தான் அரைகுறை. பந்து கூண்டில் மோதும் ‘டிக் டிக்’ சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்குமாம். பிறகு பந்துக்கு சிலிக்கோன் ரப்பர் பூசிச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

உரிய இடத்தில் வைக்க 1960 வரவேண்டியிருந்தது. அந்த ஒரே வருஷத்தில் என்னென்ன நடந்தது பாருங்கள்! மார்ச் 10, டுவைட் ஹார்க்கன் பெருந்தமனி வால்வின் சொந்த இடத்திலேயே ஒரு செயற்கை வால்வை வைக்கிறார். மறுநாள், மார்ச் 11, நைனா பிரான்வால்ட் என்ற பெண் மருத்துவர், தானே வடிவமைத்த பாலியூரித்தேன் வால்வை மைட்ரல் என்ற இன்னொரு வால்வின் இடத்தில் வைக்கிறார். அந்தக் காலத்தில் இதய அறுவை அரங்கில் ஒரு பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். செப்டம்பர் 21, ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் வைத்த பந்து வால்வு, நோயாளியைப் பத்து வருஷம் வாழ வைத்தது. வால்வு கெட்டு அவர் இறக்கவில்லை. வீட்டுக்கு வண்ணம் பூச ஏணியில் ஏறியவர் தவறி விழுந்து இறந்தார்!

இந்த ஸ்டாருக்குத் துணை யார் தெரியுமா? லோவெல் எட்வர்ட்ஸ் என்ற, ஓய்வு பெற்ற நீரியல் பொறியாளர். விமானங்களுக்கு எரிபொருள் பம்ப் செய்து பேர் வாங்கியவர். ‘செயற்கை இதயமே செய்துவிடலாம்’ என்று அறுபது வயதில் வந்து நின்றார். முப்பத்திரண்டு வயது ஸ்டார் ‘முதலில் ஒரு வால்வு செய்யலாமே’ என்று மடக்கினார். முதலில் அவர்கள் செய்தது இயற்கையைப் போலவே இதழ் வைத்த வால்வு. நாய்களில் வைத்துப் பார்த்தால், தையல் போட்ட வளையத்திலிருந்து ரத்தக் கட்டி வளர்ந்து வந்து இதழ்களை அடைத்தது. அதனால்தான் இயற்கையில் எங்குமே இல்லாத பந்துக்குப் போனார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஓயாமல் அசையும் பந்தில் கட்டி ஒட்டவில்லை. இயற்கையைக் காப்பியடிக்காததால் ஜெயித்த கண்டுபிடிப்பு! ஆனால் பந்து நடுவழியில் நிற்பதால் ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதன் முதுகுக்குப் பின்னால் கொந்தளிப்பும் தேக்கமும்.

இனி வருவது அணுசக்திக் கதை. இதய வால்வுக்கும் அணு உலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1960களில் கலிஃபோர்னியாவில் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் ஜாக் போக்ரோஸ் என்ற விஞ்ஞானி, அணு உலை எரிபொருள் துகள்களுக்கு மேலே பூச ஒருவகைக் கார்பனை உருவாக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் வின்சென்ட் காட் என்ற இதய மருத்துவர் ரத்தம் ஒட்டாத பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சந்தித்தார்கள். இன்று கோடிக்கணக்கான தடவை திறந்து மூடியும் தேயாத இரட்டை இதழ் வால்வுகள் பெரும்பாலும் அந்தப் பைரோலிட்டிக் கார்பனால் ஆனவை. முதல் இரட்டை இதழ் கார்பன் வால்வு, செயின்ட் ஜூட், மனித உடலுக்குள் போனது 1977 அக்டோபரில், மின்னசோட்டாவில். இத்தகைய வால்வுகளை விற்பனைக்கு விடுவதற்கு முன் பரிசோதனை இயந்திரத்தில் 40 கோடி தடவை திறந்து மூடிக் காட்ட வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய பத்து வருஷத் துடிப்பு அது.

அது சரி, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

சாய் தட்டு வால்வு என்று ஒரு வகை உண்டு. ஒரு வளையம், அதற்குள் ஒரே ஒரு வட்டத் தட்டு. ரத்தம் தள்ளும்போது தட்டு சாய்ந்து திறக்கும், நிமிர்ந்து மூடும். சாயும்போது ஒரு பக்கம் பெரிய வழி, மறுபக்கம் சின்ன வழி. அந்தப் பெரிய வழி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதயத்திலிருந்து பெருந்தமனி நேராகக் கிளம்புவதில்லை. வளைந்து, முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. அதனால் அதற்குள் ரத்த ஓட்டமும் எல்லாப் பக்கமும் சம வேகத்தில் இருப்பதில்லை. 1990களின் இறுதியில் ஜெர்மனி, டென்மார்க் ஆய்வாளர்கள் பன்றிகளுக்குள் வால்வைப் பொருத்தி, பொருத்திய இடத்திலேயே அதைச் சுழற்றிச் சுழற்றி அளந்து பார்த்தார்கள். பெரிய வழி வலது பின்பக்கச் சுவரைப் பார்த்தபோது கொந்தளிப்பு மிகக் குறைவு. வேறு பக்கம் திருப்பியதும் அதே வால்வு, அதே பன்றி, கொந்தளிப்பு அதிகம்! வால்வுக்குச் சற்று மேலே கிளம்பி இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளின் ஓட்டம்கூட திசைக்குத் தக்கபடி மாறியது. இரட்டை இதழ் வால்வில் இந்த வித்தியாசம் சற்றுக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இங்கே நம் பக்கத்து வீட்டுப் பெருமை ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் சகாக்களும் உருவாக்கிய சித்ரா வால்வு, சாய் தட்டு வகையைச் சேர்ந்தது. வெளிநாட்டு வால்வின் விலை நம் ஊர் நோயாளிக்கு எட்டாத காலத்தில் ஆரம்பித்த வேலை. முதல் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. ஒரு கட்டத்தில் தட்டை எதில் செய்து பார்த்தார்கள் தெரியுமா? செயற்கை நீலக்கல் படிகத்தில்! நகைக்கடைச் சமாச்சாரம் இதயத்துக்குள்! நீலக்கல் தேயாது, வழுவழுப்பு, ரத்தம் ஒட்டாது. ஆனால் ஆட்டுக்குள் வைத்த ஒன்றில் தட்டு உடைந்தது. கடைசியில் ஜெயித்தது ஒரு வகை பாலிஎத்திலீன், பிளாஸ்டிக். மென்மையான தட்டு, கடினமான உலோகக் கூண்டு. அதனால் சத்தமும் குறைவு. 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றுக்கொண்டது. குக்கர் செய்யும் அதே குழுமம்தான்! இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குள் அது துடித்திருக்கிறது. நம் விஷயத்துக்கு வேண்டியது இதுதான்: வளையத்தைத் தைத்து முடித்த பிறகும், துணி வளையத்துக்குள் வால்வை மட்டும் சுழற்றித் திசையைச் சரிசெய்ய முடியும். பெரிய வழி எங்கே பார்க்க வேண்டும் என்று கடைசி நிமிஷத்தில்கூட முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

இதயத்தின் உள்ளே, மைட்ரல் வால்வுக்கு வந்தால் ஆச்சரியம் இன்னும் கூடுகிறது. நுரையீரலில் இருந்து வந்த ரத்தம் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் வாசல் அது. அதன் இரண்டு இதழ்கள் ஒரே அளவு இல்லை. முன் இதழ் நீளம், பின் இதழ் குட்டை. இந்தச் சமமின்மை குறையே இல்லை, ஏற்பாடு! உள்ளே வரும் ரத்தம் வெளிச்சுவரை ஒட்டி இறங்கி, அடியில் வளைந்து, பெரிய சுழியாகச் சுழன்று, பெருந்தமனி வாசலை நோக்கித் தானாகவே திரும்பிவிடுகிறது. அடுத்த நொடி இதயம் சுருங்கும்போது, ரத்தம் ஏற்கனவே போக வேண்டிய திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2000ல் லண்டனில் ஃபிலிப் கில்னரும் சகாக்களும் எம்.ஆர்.ஐ. படங்களால் இதைக் காட்டியபோது, இதயம் ஏன் இப்படி முறுக்கிக்கொண்ட வடிவில் இருக்கிறது என்பதற்கே ஒரு விடை கிடைத்தது.

இப்போது அந்த இடத்தில், சமச்சீரான இரட்டை இதழ் கார்பன் வால்வை வையுங்கள். பல நோயாளிகளில் சுழி தலைகீழாகச் சுற்ற ஆரம்பிக்கிறது! 2010ல் இத்தாலியில் பெட்ரிசெட்டி குழுவினர் இதை எக்கோ படங்களோடும் கணினிக் கணக்கோடும் ஒப்பிட்டு எழுதினார்கள். ரத்தம் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவர்ப் பக்கம் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுகிறது. வெளியேற வேண்டுமானால் தன் பாதையைத் தானே குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இதயத்தின் உழைப்பில் ஒரு பகுதி அந்த மோதலில் வீணாகிறது. இதனால்தான் பல அறுவை மருத்துவர்கள் இரட்டை இதழ் வால்வை மைட்ரல் இடத்தில் வைக்கும்போது, பழைய இதழ்கள் இருந்த வாக்கிலேயே வைக்காமல், அதற்குக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். சாய் தட்டு வால்வாக இருந்தால் பெரிய வழி பின்பக்கம். அப்படி வைத்தால் சுழி இயற்கையான திசைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

இடம் மாறினால் மாத்திரையின் அளவும் மாறும் என்று தெரியுமா? உலோக, கார்பன் வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம். ஐ.என்.ஆர். என்று ஒரு பரிசோதனை செய்து அளவைப் பார்ப்பார்கள். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1ஐ ஒட்டி இருக்கும். பெருந்தமனி இடத்தில் வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5ஐ ஒட்டி வைத்திருக்கச் சொல்வார்கள், மைட்ரல் இடத்தில் 3ஐ ஒட்டி. கம்பெனி ஒன்று, கார்பன் ஒன்று, இடம்தான் வேறு! பெருந்தமனியில் ரத்தம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் பாய்ந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகிறது. மைட்ரலில் அழுத்தம் குறைவு, வேகம் குறைவு. மேலே வீங்கிப்போன மேலறை, பல பேருக்கு அது ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு வேறு. வலது பக்க டிரைகஸ்பிட் வால்வு இன்னும் மோசம். இதயத்திலேயே மிகச் சோம்பேறித்தனமாக ரத்தம் நகரும் வாசல் அது, அங்கே கார்பன் வால்வு வைக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். கீரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே, இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையே கூடாது என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் தினமும், மறு வாரம் துளிகூட இல்லை என்று ஆட்டம் காட்டக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த வார்ஃபரினின் பூர்வீகம் செத்துப்போன மாடு தெரியுமா? 1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலுக்கு நடுவே, செத்த பசுவையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகக் கதவைத் தட்டினார். கெட்டுப்போன தீவனம் தின்ற மாடு அது. கார்ல் லிங்க் என்ற வேதியியலாளர் வருஷக்கணக்காக உழைத்து அந்தத் தீவனத்திலிருந்து காரணப் பொருளைப் பிரித்தார். அதன் வழிவந்த வார்ஃபரின் முதலில் எலி விஷமாகத்தான் விற்பனைக்கு வந்தது! பின்னால் வந்த புது மருந்துகள் ஏன் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். டபிகாட்ரான் என்ற நவீன மருந்தைச் செயற்கை வால்வு நோயாளிகளிடம் சோதித்தபோது, கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம். 2012ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எலி விஷம் இன்னும் சிம்மாசனத்தில்!

இப்போது ஓர் இலங்கைக்காரர். அஜித் யோகநாதன். இலங்கையில் பிறந்து, லண்டனில் வேதிப்பொறியியல் படித்து, கலிஃபோர்னியாவில் முனைவர் பட்டம் வாங்கி, அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியரானவர். செயற்கை வால்வுக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்களில் முதல் வரிசை. 1990களில் பாரலல் என்றொரு இரட்டை இதழ் வால்வு ஐரோப்பாவில் சோதனைக்கு வந்தது. ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்பாராத அளவுக்கு ரத்தக் கட்டிகள்! எங்கே என்று தேடினால், இதழ் மாட்டிச் சுழலும் கீல் குழிக்குள். ஒரு மில்லிமீட்டர் கணக்குச் சமாச்சாரம் அது. யோகநாதனின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கீலை ஒளி ஊடுருவும் மாதிரியாகச் செய்து, லேசரால் ஓட்டத்தை அளந்தார்கள். குழிக்குள் ரத்தம் சுழன்று சிக்கிக்கொள்வது தெரிந்தது. வால்வு வாபஸ். நல்ல கீல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இன்னொரு விநோதம்: அது கொஞ்சம் ஒழுக வேண்டும்! மூடியிருக்கும்போது கீல் வழியாகப் பின்னோக்கிப் பீச்சும் சில துளிகள்தான் அந்தக் குழியைக் கழுவுகின்றன. ஒழுகாத வால்வு நல்ல வால்வு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சின்னச் சின்ன ஆச்சரியங்கள் சில.

கார்பன் வால்வு வைத்தவர்களுக்கு ராத்திரி அமைதியில் தங்கள் வால்வின் ‘க்ளிக்’ கேட்கும். முதலில் தூக்கம் வராது, பிறகு பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றாலோதான் பயப்பட வேண்டும். இதழில் கட்டி ஒட்டி அசைவு நின்றிருக்கலாம், ஆட்டோ பிடித்தாவது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறி அது.

கார்பன் இதழ் படாரென்று மூடும் வேகத்தில் ரத்தத்துக்குள் நுண்ணிய குமிழிகள் பிறக்கின்றன. கப்பலின் சுழல்விசிறியைச் சுற்றி நடப்பதும் இதே இயற்பியல்தான். மூளைக்குப் போகும் ரத்தத்தில்கூட அவற்றை அல்ட்ராசவுண்டில் கேட்க முடிகிறது. நோயாளியைச் சுத்தமான ஆக்சிஜன் சுவாசிக்கச் சொன்னால் அந்த ஒலிகள் குறைகின்றன. அதை வைத்துத்தான் அவை கட்டிகள் அல்ல, வாயுக் குமிழிகள் என்று பிரித்தறிந்தார்கள்!

இதயத்தில் வால்வு சுருங்கினால் குடலில் ரத்தம் கசியக்கூடும் தெரியுமா? 1958ல் எட்வர்ட் ஹைடு என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், காரணம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே புரிந்தது. ரத்தத்தை ஒட்ட வைக்கும் ஒரு நீளமான புரதம், குறுகிய வால்வில் சீறிப் பாயும்போது நூலாக இழுபட்டு, நொதியால் துண்டு துண்டாக வெட்டுப்படுகிறது. கட்டியாக வேண்டிய ரத்தம் கட்டியாகாமல் குடலில் கசிகிறது. வால்வை மாற்றினால் இந்தப் புரதம் சில நிமிஷங்களிலேயே மீண்டு வருகிறது. ஆனால் புது வால்வு சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் கசிவு இருந்தால் மீள்வதில்லை. 2016ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டியது இது. வால்வு சரியாக உட்கார்ந்ததா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை, அறுவை அரங்கிலேயே சொல்லிவிடும்!

ஒருவரின் சொந்த வால்வையே இடம் மாற்றி வைக்கவும் முடியும். 1967ல் லண்டனில் டொனால்ட் ராஸ், நோயாளியின் நுரையீரல் தமனி வால்வை எடுத்து அவருடைய பெருந்தமனி இடத்தில் வைத்தார். காலியான இடத்துக்கு தானமாகக் கிடைத்த வால்வு. இடம் மாறிய சொந்த வால்வு உயிருள்ளதாகவே இருப்பதால் வாழ்நாள் மாத்திரை வேண்டியதில்லை.

கடைசியாக, இன்றைய அதிசயம். நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வை அனுப்பும் டாவி சிகிச்சை. டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் கடையில் வாங்கிய கம்பியை வளைத்து, கசாப்புக் கடைப் பன்றியின் வால்வை அதில் தைத்து, 1989ல் பன்றியிடம் சோதித்தார். 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்ஸின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதல் மனிதருக்கு வைத்தார். இதில் பழைய வால்வை எடுப்பதே இல்லை தெரியுமா? சுருக்கிய புது வால்வை அதற்குள் விரிக்கிறார்கள், பழைய இதழ்கள் ஓரமாக நசுங்கி நிற்கின்றன. அங்கேதான் வினை! லியனார்டோ பார்த்த பைக்கும் புது இதழுக்கும் நடுவே பழைய இதழ் ஒரு சுவராக நிற்பதால், இயற்கையில் இல்லாத ஒரு புதுக் குழி உருவாகிவிடுகிறது. பையின் சுழி அதற்குள் நுழைவதில்லை. ரத்தம் தேங்குகிறது.

2015ல் ராஜ் மக்கர் குழுவினர் சி.டி. படங்களில் பார்த்தால், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நோயாளிகள் சிலரின் புது இதழ்களில் மெல்லிய கட்டிப் படலம்! மூச்சுத்திணறல் இல்லை, வலி இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்ததும் இதழ் மறுபடி அசைந்தது. 2017ல் யோகநாதனின் குழு நோயாளிகளின் சி.டி. படங்களையும் ஆய்வுக்கூட ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்தது. புது வால்வின் இதழ்கள் பழைய வால்வின் வளையத்துக்குள்ளேயே உட்காராமல் அதற்குச் சற்று மேலே உட்கார்ந்தால், தேக்கப் பகுதி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! அப்படியென்றால் மேலே மேலே வைத்துவிடலாமே? முடியாது. ரொம்ப மேலே போனால் வால்வு நழுவலாம், கரோனரி வாய் அடைபடலாம். ரொம்பக் கீழே போனால் இதயத்தின் மின் கம்பி போன்ற தசையிழை நசுங்கி, பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். மருத்துவர் விளையாட முடிகிற இடைவெளி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், அதுவும் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில்.

உயரம் போதாதென்று திசையும் சேர்ந்துகொள்கிறது. புது வால்வின் இதழ்கள் சேரும் முனை, கரோனரி தமனியின் வாய்க்கு நேராக வந்து நின்றால் பிற்பாடு அதற்குள் ஸ்டென்ட் வைக்கக்கூட வழி கிடைக்காமல் போகலாம். தையலே இல்லாத சிகிச்சையில், தொடையிலிருந்து இதயம் வரை நீண்ட குழாயின் நுனியில் இருக்கும் வால்வை எப்படித் திருப்புவது? 2020ல் நியூயார்க்கில் கில்பர்ட் டாங் குழுவினர் ஒரு வகை வால்வுக்கு வழி கண்டார்கள். குழாயின் வெளிமுனையில், கழுவும் நீர் விடும் சிறிய வாய் ஒன்று இருக்கும். தொடைக்குள் குழாயைச் செலுத்தும்போது அந்த வாய் கடிகாரத்தில் பன்னிரண்டு மணித் திசையைப் பார்ப்பதுதான் வழக்கம். மூன்று மணித் திசைக்குத் திருப்பிப் பிடித்துச் செலுத்தினார்கள். பெருந்தமனியின் வளைவில் குழாய் தானே முறுக்கிக்கொண்டு போக, பெரும்பாலான நோயாளிகளில் இதழ் முனைகள் உரிய இடத்துக்கு அருகே போய் நின்றன. புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை, ஒரு பைசா கூடுதல் செலவில்லை!